பௌத்த அறமும் நிலைபேறான அபிவிருத்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம மட்டப் பயிற்சிகளிலும் மாணவர் வகுப்புகளிலும் பௌத்தப் பொருளியல், சர்வோதயம், பூட்டானின் மகிழ்ச்சிக் குறியீடு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தாம் திரும்பத் திரும்ப எழுப்பப்படுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை இலங்கையின் சர்வோதய சிரமதான இயக்கத்திலிருந்து வருகின்றன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து, சாதனையும் சறுக்கலும் பலராலும் ஆராயப்பட்ட முயற்சி அது.

ஆசையை விடு என்கிறது பௌத்தம்; இன்னும் வேண்டும் என்கிறது அபிவிருத்தி. இரண்டையும் எப்படி ஒன்றாகக் கட்டுவது?

துறவிக்குச் சொன்னதை இல்லறத்தாருக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதால் இந்த ஐயம் வருகிறது. புத்தர் இல்லறத்தாரிடம் பேசும் சூத்திரங்களில் பொருள் ஈட்டுவது பழிக்கப்படவில்லை. சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்ன அறிவுரையில், வருமானத்தை நான்காகப் பிரித்து ஒரு பங்கைச் செலவழித்து, இரண்டு பங்கைத் தொழிலில் இட்டு, நான்காவதை ஆபத்துக் காலத்துக்குச் சேமிக்க வேண்டும் என்று கணக்கே வருகிறது. முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவுக்கேற்ற செலவு ஆகிய நான்கும் இம்மை நலத்துக்கு வழி என்று மற்றொரு சூத்திரம் கூறுகிறது. கடனின்றி இருத்தல் இல்லறத்தானின் இன்பங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது.

தம்மபத உரையில் வரும் ஆளவி நகரத்து உழவனின் கதையை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. காணாமற்போன மாட்டைத் தேடிக் களைத்து வந்த அந்த ஏழைக்கு முதலில் உணவு கொடுக்கச் செய்துவிட்டு, அவன் உண்டு முடித்த பிறகே புத்தர் அறவுரையைத் தொடங்குகிறார். பசியே பெரும் பிணி என்ற தொடர் அந்த இடத்தில்தான் வருகிறது. அபிவிருத்தியின் அளவும் திசையும்தான் பௌத்தத்தின் கேள்வி. பசியோடு இருப்பவனிடம் அது துறவைக் கேட்கவில்லை.

சரி, நூலில் இருக்கட்டும். யாராவது நிஜமாகச் செய்து பார்த்திருக்கிறார்களா?

1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரியின் இளம் ஆசிரியரான ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் குருநாகல் மாவட்டத்திலுள்ள கனத்தொலுவ என்ற ஊருக்கு அழைத்துச் சென்றார். அங்கே வாழ்ந்தவர்கள் ரொடியர் என்று ஒதுக்கப்பட்ட சாதியினர். நகரத்து மாணவர்கள் அவர்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு மண் வெட்டிய அந்த முகாமே சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கம். இயக்கம் 1972இல் பாராளுமன்றச் சட்டமொன்றின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. அதன் தலைமையகம் மொறட்டுவையில் உள்ளது. இன்று சுமார் 15,000 கிராமங்களோடு தொடர்பு உண்டு என்று இயக்கமே சொல்கிறது. அந்த எண்ணிக்கையில் உயிர்ப்போடு இயங்கும் சங்கங்களும் பெயரளவில் இருப்பவையும் கலந்திருக்கும் என்பது களத்தில் வேலை செய்த எவரும் அறிந்ததே.

'சர்வோதயம்' காந்தியிடமிருந்து வந்த பெயர். நிலமற்றோருக்கு நிலக்கொடை கேட்டு வினோபா பாவே நடத்திய பூதான நடைப்பயணமும் ஆரியரத்னவைப் பாதித்தது. ஆனால் அவர் அதை 'எல்லோரின் விழிப்பு' என்று பௌத்த நோக்கில் விரித்து, தனிமனிதர், குடும்பம், கிராமம், நகரம், நாடு, உலகம் என்று படிப்படியாக அமைத்தார். 1969இல் மக்சேசே விருதும் 1996இல் காந்தி அமைதிப் பரிசும் பெற்ற அவர் 2024 ஏப்ரலில் காலமானார்.

சிரமதானம் என்றால் ஊரைக் கூட்டித் துப்புரவு செய்வதுதானே? அதில் என்ன தத்துவம்?

இலங்கையில் இன்று பாடசாலை முற்றத்தைக் கூட்டுவதற்கும் அந்தப் பெயரே வழங்குவதால் அப்படித் தோன்றுவது இயல்பு. இயக்கம் வகுத்த சிரமதானத்தில் மண்வெட்டி எடுப்பதற்கு முன்பே பாதி வேலை நடந்துவிடும். எந்த வேலையைச் செய்வது என்று ஊரே கூடி முடிவெடுக்க வேண்டும். சமையலுக்கு வீட்டுக்கு வீடு முடிந்ததைக் கொடுக்க வேண்டும். முகாம் நாளில் 'குடும்பக் கூடல்' என்ற சபை கூடும். அங்கே பிக்கு, ஆசிரியர், கூலித் தொழிலாளி, சிறுவர் என்று யாரும் எழுந்து பேசலாம். ஒருவரையொருவர் அண்ணா, அக்கா, தம்பி, தங்கை என்றே அழைக்க வேண்டும். பதவிப் பெயருக்கு அங்கே இடமில்லை.

கொடை, இன்சொல், பிறர்க்குப் பயன்படும் செயல், சமமாக ஒழுகுதல் என்று பாளி நூல்கள் கூறும் நான்கு 'சங்கிரக' நெறிகள் இந்த ஒழுங்குகளில் அப்படியே இறங்கியிருக்கின்றன. வீட்டு அரிசியும் உடல் உழைப்பும் கொடை. முறைப்பெயர் சொல்லி அழைப்பது இன்சொல். வெட்டப்படும் பாதை பயன்செயல். ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்பது சமத்துவம். முன்பள்ளிச் சமையலுக்கு ஒரு தீப்பெட்டி அளவு அரிசியைக் குழந்தையின் கையில் கொடுத்தனுப்பும் வழக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததே. தீப்பெட்டி அளவு என்பதைக் கவனியுங்கள்: எவ்வளவு வறிய வீடும் கொடுப்பவர் வரிசையில் நிற்க வேண்டும், வாங்குபவர் என்ற முத்திரை எந்த வீட்டின் மேலும் விழக்கூடாது என்று யோசித்து வைத்த அளவு அது.

'பாதையை நாம் அமைக்கிறோம், பாதை நம்மை அமைக்கிறது' என்பது இயக்கத்தின் வாசகம். பாதை இரண்டு மழையில் கரைந்துவிட்டால் அந்த வாசகத்தால் பயனில்லை என்று பொறியியல் படித்த மாணவர் ஒருவர் வகுப்பில் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. சில முகாம்களில் கூடல் சிறப்பாக நடந்தது, வடிகால் மட்டும் தப்பாகப் போனது.

நான்கு உண்மைகள், எண்வழிப் பாதை எல்லாம் தியான மண்டபத்துக்குச் சரி. குளம் தூர்ந்த ஊரில் அவற்றுக்கு என்ன வேலை?

இயக்கத்தின் பயிற்சிகளில் நான்கு உண்மைகள் ஊரை நோக்கித் திருப்பப்படுகின்றன: ஊர் சீரழிந்திருக்கிறது, அதற்குக் காரணங்கள் உண்டு, அது நீங்கக் கூடும், நீக்கும் வழி உண்டு. கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த வரிசையில் எனக்குப் பெறுமதியாகத் தெரிவது இரண்டாவது படி. பெரும்பாலான திட்டங்கள் முதல் படியிலிருந்து நான்காவதற்குத் தாவுகின்றன: குளம் தூர்ந்திருக்கிறது, ஆகவே இயந்திரம் கொண்டு தூர்வாருவோம்.

காரணங்களை வரிசையாகத் தேடினால் வேறொரு படம் கிடைக்கும். வறண்ட வலயத்துச் சிறு குளங்களின் மேற்பகுதியில் வரும் நீரிலிருந்து மண்ணை வடிகட்டப் புற்பட்டையும், அதை ஒட்டி மரக்கூட்டமும் முன்பு விடப்பட்டிருந்தன. அந்த நிலத்தில் பயிர் ஏறியதும் மண் நேராகக் குளத்துக்குள் வருகிறது. பயிர் ஏறியதற்குக் காரணம், பிள்ளைகளுக்குப் பிரித்த வயல் போதாமை. தடுக்க ஆளில்லாமைக்குக் காரணம், கமக்கார அமைப்பு கூடாமை. அது கூடாமைக்குக் காரணம், தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நீர்ப் பங்கீட்டில் ஏற்பட்ட பகை. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது என்ற சார்பிற்றோற்றக் கொள்கையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் குறைவு. பகை தீராமல் வாரிய தூர், புற்பட்டை இல்லாத குளத்துக்குள் மறுபடியும் வந்து சேரும்.

பத்து அடிப்படைத் தேவைகள் என்று ஒரு பட்டியல் சொல்கிறார்கள். அதில் வேலைவாய்ப்பே இல்லையாமே?

இயக்கம் வகுத்த பட்டியல் இது: தூய்மையும் அழகும் உள்ள சூழல், போதிய நல்ல நீர், குறைந்தபட்ச உடை, சமச்சீர் உணவு, எளிய வீடு, அடிப்படை மருத்துவம், தொடர்பாடலும் போக்குவரத்தும், எரிபொருள், முழுமையான கல்வி, பண்பாட்டு ஆன்மிகத் தேவைகள். வேலையும் வருமானமும் இந்தத் தேவைகளை அடைவதற்கான வழிகள் என்பதால் பட்டியலில் சேர்க்கப்படவில்லை என்று விளக்கம் தரப்படுகிறது. வழியையே இலக்காக்கினால், வருமானம் ஏறி நிலத்தடி நீர் கெட்ட ஊரையும் முன்னேறிய ஊர் என்று எழுத வேண்டி வரும் என்பது இதன் பின்னுள்ள வாதம். சூழலும் நீரும் பட்டியலின் முதல் இரண்டு இடங்களில் நிற்பதையும் பாருங்கள்; நிலைபேறான அபிவிருத்தி என்ற தொடரை 1987இல் ஐ.நா. ஆணைக்குழுவின் அறிக்கை பரவலாக்குவதற்கு முன்பே இந்தப் பட்டியல் கிராமங்களில் புழங்கியது.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. மணிமேகலை அறத்துக்கு விளக்கம் தரும்போது உயிர்களுக்கெல்லாம் உண்டியும் உடையும் உறையுளும் அளிப்பதையே சொல்கிறது. பிற்காலப் பட்டியல் நீண்டிருக்கிறது, அவ்வளவே. ஆயினும் வேலையை விட்டது இளைஞர்களிடம் எடுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படித்துவிட்டு ஊரில் சும்மா இருக்கும் ஒருவருக்கு வேலை என்பது வருமானம் மட்டுமன்று, மதிப்பும் கூட. பிற்காலத்தில் இயக்கம் தன் ஐந்து கட்டக் கிராம வளர்ச்சித் திட்டத்தில் வருமானம் ஈட்டுதலுக்குத் தனிக் கட்டமே ஒதுக்கியது.

ஏழை முன்வினையால் ஏழை என்று சொல்லும் மதத்தை வைத்துக்கொண்டு வறுமையை எப்படி ஒழிப்பீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கோபத்தோடு கேட்கிறார்கள். கோபத்துக்கு நியாயம் உண்டு. நூலில் உள்ளதையும் வழக்கத்தில் உள்ளதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சீவகன் என்ற துறவி, மனிதர் நுகரும் இன்ப துன்பமெல்லாம் முன்வினையால்தானா என்று கேட்டபோது, பித்தம், பருவமாற்றம், பிறர் தாக்குதல் முதலிய எட்டுக் காரணங்களை அடுக்கி, அவற்றுள் ஒன்றாகவே வினையைப் புத்தர் வைக்கிறார்.

வறுமைக்கு அரசைப் பொறுப்பாக்கும் சூத்திரங்களும் உண்டு. சக்கவத்தி சீகநாத சூத்திரத்தில், அரசன் வறியோருக்குப் பொருள் வழங்காததால் வறுமை பெருகியது, வறுமையால் களவு, களவால் ஆயுதம், ஆயுதத்தால் கொலை, பின் பொய் என்று ஒரு சரிவு விரிகிறது. கூடதந்த சூத்திரத்தில், கொள்ளை மலிந்த நாட்டில் வரியைக் கூட்டவோ தண்டிக்கவோ வேண்டாம், உழவருக்கு விதையும் வணிகருக்கு முதலும் ஊழியருக்குக் கூலியும் கொடு என்று அரசனுக்குப் புரோகிதர் சொல்கிறார்.

வழக்கம் வேறு கதை. இலங்கையின் பிக்குப் பிரிவுகளுள் ஒன்றான சீயம் நிக்காயத்தில் பிக்குவாவதற்கே சாதித் தடை நிலவுகிறது. கனத்தொலுவவுக்குப் போனது துணிச்சலாகக் கருதப்பட்டது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்கும். தமிழ்நாட்டில் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசரும், 1956இல் நாக்பூரில் பௌத்தம் தழுவிய அம்பேத்கரும் முன்வினை விளக்கத்தை விலக்கிவிட்டே பௌத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். சிரமதானத்தில் ஒன்றாக உண்ட பிறகு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கும். சர்வோதயம் அந்தக் கேள்வியை மென்மையாகவே தொட்டது என்பது என் கருத்து.

சுற்றுச்சூழலைக் காப்பதற்கு மதம் எதற்கு? சட்டம் போதாதா?

சட்டம் வேண்டும், எட்டாத காடுகளில் அது மட்டும் போதாது. தாய்லாந்தில் தென்பகுதிப் பெருவெள்ளத்துக்குப் பிறகு 1989 ஜனவரியில் வணிக நோக்கிலான மரவெட்டு தடைசெய்யப்பட்டது. திருட்டு வெட்டு தொடர்ந்தது. வடபகுதிப் பிக்குகள் சிலர் பெருமரங்களுக்குக் காவியாடை சுற்றி, துறவு பூணும் சடங்கை அவற்றுக்கு நடத்தினார்கள். காவி சுற்றிய மரத்தில் கோடரி வைக்க உள்ளூர்க்காரர் தயங்கினர். வெளியூர் முதலாளிகள் தயங்கவில்லை: புரிராம் மாகாணத்துக் காடுகளுக்காகப் போராடிய பிரா பிரச்சக் என்ற பிக்கு 1991இல் கைது செய்யப்பட்டார். வடபகுதியிலுள்ள 'நான்' என்ற மாகாணத்தில் பிரா குரு பிதக் என்ற பிக்கு நடத்தியதைப் போலச் சடங்கோடு சமூகக் காட்டுக்கான விதிகளையும் ஊர்க்குழுவையும் சேர்த்து அமைத்த இடங்களில் பலன் நீடித்தது.

நுகர்வைப் பற்றிக் கேட்போருக்குத் துறவியர் ஒழுக்க நூலான விநயபிடகத்தில் ஓர் இடம் உண்டு. புத்தரின் அணுக்கச் சீடரான ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகள் கொடையாக வந்ததை அறிந்த உதயண மன்னன், இத்தனையை வைத்து என்ன செய்வீர் என்று கேட்கிறான். கிழிந்த ஆடை உடைய பிக்குகளுக்குக் கொடுப்போம் என்கிறார் ஆனந்தர். பழைய ஆடைகள்? விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தையுறை. பின்னர் தரைவிரிப்பு, கால்துடைப்பு, தூசு துடைக்கும் துணி. அதுவும் நைந்தால் களிமண்ணோடு குழைத்துத் தரை மெழுகப்படும். மறுசுழற்சி பற்றிய பயிலரங்குகளில் படவில்லைகளைவிட இந்த உரையாடலுக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது.

நுண்கடனும் இதில் சேருமா? எங்கள் பகுதிப் பெண்கள் அதனால்தானே அழிந்தார்கள்?

சர்வோதயமும் 1986இல் 'சீட்ஸ்' என்ற பெயரில் கடன், சேமிப்புப் பிரிவைத் தொடங்கியது. சங்கத்தில் சேமித்து, ஒருவரையொருவர் அறிந்து, பின்னரே கடன் என்பது அதன் வரிசை. வளர்ந்தபின் வங்கித் துறையின் ஒழுங்குகளுக்கு உட்பட வேண்டி வந்தது. கடன் மீட்பு வீதமும் இலாபமும் முன்னுக்கு வந்தபோது சமூகப் பிரிவுக்கும் நிதிப் பிரிவுக்கும் இழுபறி ஏற்பட்டது.

போருக்குப் பின் வடக்கு, கிழக்கில் நடந்தது இதன் தலைகீழ் வரிசை. சேமிப்போ சங்கமோ இல்லாத இடத்தில், வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பாளரோடு பல நிறுவனங்களின் கடன் ஒரே பெண்ணின் தலையில் ஏறியது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை அரசு தள்ளுபடி செய்யும் நிலைக்கு அது போயிற்று. கடனின்மையை இன்பமாக எண்ணும் நெறியை முதற் பதிலில் சொன்னேன்; அதிலிருந்து தொடங்குபவர் கடன் எண்ணிக்கையை வெற்றியாகக் காட்டமாட்டார். தாய்லாந்தின் திராட் மாகாணத்தில் பிரா சுபின் என்ற பிக்கு அமைத்த குழுக்களில், மாதந்தோறும் இவ்வளவு சேமிப்பேன் என்று உறுப்பினர் சத்தியம் செய்கிறார். கடன் அந்தப் பணத்திலிருந்தே போகிறது, இலாபத்தின் ஒரு பங்கு மருத்துவச் செலவுக்கான நலநிதிக்குச் செல்கிறது.

உண்மையைச் சொல்லுங்கள், இது சிங்கள பௌத்தத்தின் இன்னொரு முகம்தானே?

தமிழ் வாசகர் இதைக் கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. இயக்கத்தின் பதிவில் உள்ளவற்றை முதலில் சொல்கிறேன். 1983 ஜூலை வன்செயலுக்குப் பின் அகதிகளுக்கு உதவியது. அந்த ஆண்டின் இறுதியில் கதிர்காமத்திலிருந்து நயினாதீவு வரை அமைதி நடையைத் தொடங்கி, அரசின் வேண்டுகோளால் இடையில் நிறுத்தியது. போர்க்காலத்திலும் வடக்கு, கிழக்கில் தமிழ், முஸ்லிம் பணியாளர்களோடு இயங்கியது. 2002 மார்ச்சில் அநுராதபுரத்தில் பல்லாயிரக்கணக்கானோர் கூடிய அமைதித் தியானத்தை நடத்தியது. கூட்டங்களில் எல்லா மத வழிபாடும் இடம்பெறும்.

எனினும் இயக்கம் முன்வைத்த இலட்சியக் கிராமத்தின் படத்தில் குளமும் வயலும் விகாரையும் இருந்தன. அது அநுராதபுரக் காலத்துப் பொற்காலக் கற்பனை. அப்படியொரு கிராமம் வரலாற்றில் இருந்ததா என்று கணநாத் ஒபயசேகர, ரிச்சர்ட் கொம்பிரிச் போன்ற ஆய்வாளர்கள் வினவி, அதை நகர்ப்புற நடுத்தர வகுப்பின் பார்வை என்றார்கள். தமிழ் விவசாயிக்கு அதே படம் வேறு பொருள் தரும்: தன் குளத்தருகே திடீரென ஒரு விகாரை எழுவதைக் கண்டவர் அதை அமைதிச் சின்னமாகப் பார்க்கமாட்டார். தனிமனித மனமாற்றம் போதும் என்ற நம்பிக்கையும் அரசியல் அதிகாரப் பகிர்வு என்ற கேள்வியைப் பின்தள்ளியது. இயக்கத்தின் நல்லெண்ணத்தை ஐயுறாமலேயே இந்தக் குறைகளைச் சொல்லலாம்.

பூட்டானில் மகிழ்ச்சியை அளக்கிறார்களாம். அது வெற்றிதானே?

1972இல் அரியணை ஏறிய ஜிக்மே சிங்யே வாங்சுக் முன்வைத்த எண்ணம் அது. இன்று உளநலம், உடல்நலம், கல்வி, நேரப் பயன்பாடு, பண்பாடு, நல்லாட்சி, சமூக உயிர்ப்பு, சூழல், வாழ்க்கைத்தரம் என்று ஒன்பது துறைகளில் அளக்கப்படுகிறது. நாட்டின் 60 சதவீதம் என்றும் காடாக இருக்க வேண்டும் என்று 2008 அரசியலமைப்பு விதிக்கிறது. அது எழுத்தோடு நிற்கவில்லை.

மறுபக்கம், 1990களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் தென்பகுதி மக்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்து, நேபாள முகாம்களில் பல ஆண்டுகள் கிடந்தார்கள். எண்ணப்படுபவர் யார் என்று தீர்மானித்த பிறகே மகிழ்ச்சி எண்ணப்பட்டது. முந்தைய பதிலில் வந்த அதே சிக்கல் இங்கே கடுமையாகத் தெரிகிறது: கொள்கை அரசின் அடையாளமாகும்போது, அந்த அடையாளத்துக்குள் வராதவர் அதன் கருணைக்கும் வெளியே நிற்கிறார்.

வெளிநாட்டுப் பணத்தால் வளர்ந்த இயக்கம் தற்சார்பு பேசலாமா?

பேசியது, அதற்கான விலையையும் கொடுத்தது. 1980களில் நெதர்லாந்தின் நோவிப் என்ற உதவி நிறுவனம் முன்னின்ற கொடையாளர் கூட்டமைப்பு பெருமளவு நிதி தந்தது. முதலில் கூட்டாளிகள் என்றவர்கள், பின்னர் எத்தனை கிணறு, எத்தனை கடன், என்ன செலவு என்று காலாண்டுக் கணக்குக் கேட்டார்கள். விழிப்பைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இயக்கம் திணறியது. 1990இல் ஜனாதிபதி பிரேமதாச அரசசார்பற்ற நிறுவனங்களை விசாரிக்க ஆணைக்குழு அமைத்தபோது உள்நாட்டு நெருக்கடியும் சேர்ந்தது. அந்தப் பத்தாண்டில் நிதி சுருங்கி, பணியாளர் பலர் விலக நேர்ந்தது.

கொடையாளர் கணக்குக் கேட்டதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. ஊர்ச் சங்கத்தின் சொந்த நிதி வளர்வதற்கு முன்பே ஊதியம் பெறும் பணியாளர் படையை வளர்த்ததுதான் கோளாறு. சங்கப் பெட்டியில் சொந்தப் பணம் இருந்த ஊர்கள், தலைமையகத்தில் பணம் வற்றியபோதும் கூடின.

எங்கள் ஊரில் ஒரு பௌத்தரும் இல்லை. நாங்கள் எதை எடுத்துக்கொள்வது?

புத்தர் படமோ பாளிச் சொல்லோ தேவையில்லை. குடும்பக் கூடலின் ஒழுங்கு கோயில் மண்டபத்திலும் சனசமூக நிலையத்திலும் அப்படியே பொருந்தும். முதற் கூட்டத்தை, வழக்கமாகக் கூட்டத்துக்கு வராத தெருவில் வையுங்கள். பேசும் வரிசையை வயதாலோ பதவியாலோ அமைக்காதீர்கள். பத்துத் தேவைகளின் பட்டியலை வாசித்து, ஊர் எதில் மிகப் பின்தங்கியிருக்கிறது என்று ஊராரே வரிசைப்படுத்தட்டும். காரணங்களைத் தேடும் வேலையைத் தூர்ந்த குளத்துக்குச் சொன்ன முறையில் செய்யுங்கள்; அதற்கு ஒரு கூட்டம் போதாது.

முதல் வேலை ஒரே நாளில் முடியக்கூடியதாகவும், கிராம அலுவலர் முதல் பிரதேச செயலகம் வரை எவரின் ஒப்புதலையும் நம்பியிராததாகவும் இருக்கட்டும். சமையலுக்குக் கொடை கேட்கும்போது எந்த வீட்டையும் விட்டுவிடாதீர்கள். வரவு செலவை அன்று மாலையே எல்லோர் முன்னிலையிலும் வாசித்து, மீதிப் பணத்தைச் சங்கத்தின் பெயரில், குறைந்தது இருவர் கையொப்பத்தோடு இயங்கும் கணக்கில் இடுங்கள். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.